அடியும் சிரிப்பும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், இரு மாநிலங்களும் கைகோக்கும் இடத்தில் உள்ள ஊர் வாளையார். வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்களுள் பலர் இவ்வூரை இரயில் பலகணி வழியாகவேனும் கண்டிருப்பர். 2017ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரும் வரையில், இங்கிருந்த வரிச் சாவடியின்முன் லாரிகள் நெடுந்தொலைவு வரிசையாய் நிற்பது வழக்கம். நாம் சிறுவராய் இருந்த 1980களின் இறுதியில், சாலையோரத் தேநீர்க் கடையொன்றில், காத்துக் கிடக்கும் ஓட்டுநர்களின் பொருட்டு, வாடகைக்கு எடுத்த ‘டெக்’ ஒன்று இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஹாங்காங்கில் எடுக்கப்பெற்ற குங்ஃபூ நகைச்சுவைப் படங்களை நாம் முதன்முதலிற் கண்டது அங்கேதான்.

படத்தில் பேசப்பட்டது இன்ன மொழி என்று அக்கூட்டத்தில் ஒருவரும் அறியார். தமிழரும் மலையாளிகளும் ஆந்திரரும் பஞ்சாபியரும் நெருக்கி அமர்ந்திருந்தனர். ஆயினும் அனைவரும் ஒரே நொடியில் சிரித்தனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுவிட்ட நமக்கு, அதனை நினைக்குந்தோறும் சற்றுப் பொறாமை எழுவதுண்டு. ஒரு சுற்றறிக்கையின் ஒற்றைச் சொல்லை மறுமொழிக்குக் கொண்டுசெல்ல நாம் அரைநாள் பாடுபடுகிறோம். அப்படங்களோ எவர் உதவியுமின்றி எல்லை கடந்து வந்து சேர்ந்தன.

இவ்வகைப் படங்கள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். புரூஸ் லீ 1973ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவரைப்போலவே உறுமி, அவரைப்போலவே உதைத்த போலிகள் பலர் திரையில் தோன்றினர்; எவரும் நிலைக்கவில்லை. 1975இல் லாவ் கார்லியுங் இயக்கிய ‘ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்’ என்னும் படம் சண்டையோடு சிரிப்பைக் கலந்து வேறொரு வழியைத் திறந்தது. 1978இல் யூவன் வூபிங் என்ற இயக்குநர், ஜாக்கி சான் என்ற இளைஞரை வைத்து இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுத்தார். ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’ ஒன்று. ‘டிரங்கன் மாஸ்டர்’ மற்றொன்று. இரண்டிலும் குருவாக நடித்த முதியவர் இயக்குநரின் தந்தையாரே ஆவார்.

புரூஸ் லீயின் அடி பட்டால் எதிரி வீழ்வான். அடித்த கைக்கு நோவு என்பதே இராது. ஜாக்கி சானோ அடித்துவிட்டுத் தம் கையை உதறிக்கொள்வார்; முகத்தைச் சுளிப்பார்; எதிரி காணாதவாறு விரல்களை ஊதிக்கொள்வார். வீரனுக்கும் வலிக்கும் என்னும் இச்சிறு செய்தியே அப்படங்களின் உயிர்நிலை என்பது நம் கருத்து. நம் பழைய தமிழ்ப் படங்களில் வாளெடுப்பவர் ஒருவர், சிரிக்கவைப்பவர் வேறொருவர். கலைவாணரும் மதுரமும் தமக்கென ஒரு தனிக் கதையை நடத்திக்கொண்டிருப்பர். கதாநாயகர் தம் போரைத் தாம் நடத்துவார். ஹாங்காங் படங்களில் இவ்விருவரும் ஒரே உடலுள் குடியேறிவிட்டனர்.

மேற்சொன்ன முதற்படத்தின் நாயகன் ஒரு பயிற்சிக் கூடத்தின் எடுபிடி. தரை துடைப்பதும், மாணவர் பழகுவதற்கு உடம்பைக் கொடுத்து அடிவாங்குவதுமே அவன் வேலை. அவனுக்குக் கலையைக் கற்பிப்பவரோ பிச்சைக்காரராய்த் திரியும் ஒரு கிழவர். பூனையொன்று நாகத்தோடு போரிடுவதைக் கண்டு, தான் கற்ற முறையில் எஞ்சிய குறையை அவன் நிரப்பிக்கொள்கிறான். இரண்டாம் படத்தில் நாயகன் தலைகீழாய்த் தொங்கியபடி, கீழேயுள்ள வாளி நீரைச் சிறு கிண்ணங்களால் மொண்டு மேலேயுள்ள தொட்டியை நிரப்பவேண்டும். பார்ப்போர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். ஆனால் அது நடிப்பு மட்டுமன்று. அவ்வுடல் மெய்யாகவே அவ்வாறு பழக்கப்பட்ட உடல்.

ஜாக்கி சானின் பெற்றோர் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகருக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். தந்தையார் அங்கே தூதரகமொன்றில் சமையற்காரர். மகனை ஹாங்காங்கில் யூ ஜிம்யுவன் என்னும் ஆசிரியர் நடத்திய சீன இசைநாடகப் பள்ளியில் விட்டுச் சென்றனர். ஏறத்தாழப் பத்தாண்டுகள், பிரம்படிக்கு நடுவே, குட்டிக்கரணமும் வாள்வீச்சும் பாட்டும் அவர் பயின்றார். சம்மோ ஹங், யூவன் பியாவ் ஆகியோரும் அப்பள்ளியின் பிள்ளைகளே. பெற்றோர் ஊர்விட்டு ஊர் போக, பிள்ளைகள் பிறர் வீட்டில் வளரும் கதையை நம் நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

போரும் நகைப்பும் ஒரு மேடையில் கூடுவது பாலக்காட்டுக்குப் புதிதன்று. இம்மாவட்டத்துப் பகவதி கோயில்களில் கண்யார்களி என்னும் ஆட்டம் திருவிழா இரவுகளில் நடைபெறும். பந்தலுள் முதலில் வட்டக்களி. அதன் அடிவைப்புகள் பண்டைப் போர்ப்பயிற்சியிலிருந்து கிளைத்தவை என்பர். அது முடிந்தபின் பொறாட்டு வரும். குறவர், மலையர் முதலிய பல குலத்தாரின் வேடம் புனைந்து, அவர்தம் பேச்சையும் நடையையும் காட்டிச் சிரிக்கவைப்பது அது. பாட்டிலும் பேச்சிலும் தமிழ் நிரம்பக் கலந்திருக்கும். பெண் வேடத்தையும் ஆடவரே கட்டுவர்.

அதன் துள்ளலும் தாளமும் நம்மை இன்றும் கவர்கின்றன. ஆயினும் பந்தலின் ஓரத்தில் நின்று பார்த்த நாள்களில், மேடையில் ஒருவர் தமிழைத் திரித்துப் பேசி ஆடும்போது, நம் அருகில் நின்ற தமிழ்க் கூலியாட்கள் சிரித்த சிரிப்பு சற்றுப் பிந்தியே வந்தது. சுற்றி நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அது. அயலூரில் வாழ்வோர் இதனை அறிவர். டெல்லியிலோ மும்பையிலோ, நம் உச்சரிப்பை ஒருவர் பழித்துக் காட்டும்போது நாமும் உடன் சிரிக்கிறோம் அல்லவா?

தேநீர்க் கடையில் அந்தத் தயக்கம் இருந்ததில்லை. ஏனெனில் அங்கே நகைப்புக்கு இலக்கானவன் நாயகனே. அதிலும் அவன் யார்? ‘டிரங்கன் மாஸ்டர்’ படத்து நாயகனின் பெயர் வோங் ஃபெய்ஹங். 1847 முதல் 1925 வரை தென்சீனத்தில் வாழ்ந்த மருத்துவர், மற்கலை ஆசான். 1949 முதல் எத்தனையோ படங்களில் குவான் டாக்ஹிங் என்ற நடிகர் அவரைச் சினமறியாச் சான்றோராகவே காட்டிவந்தார். அத்தகையவரை அடங்காப் பிள்ளையாக்கி, தலைகீழாய்த் தொங்கவிட்டது இப்படம். எளியவரை இகழாமல் பெரியவரைக் கீழே இறக்கிச் சிரித்த சிரிப்பு அது.

அப்படத்தில், குடிமயக்கத்தில் தள்ளாடுவதுபோல் போரிடும் எட்டு முறைகள் உண்டு. எட்டு அமரர்களின் பெயரால் வழங்குபவை. நாயகன் ஏழனைக் கற்கிறான். எட்டாவது, பெண் அமரரின் முறை. அதனைப் பெண் நடை என்று எள்ளி விட்டுவிடுகிறான். இறுதிச் சண்டையில் அந்த எட்டாவது முறையின்றி வெற்றியில்லை என்னும் நிலை வருகிறது. வேறு வழியின்றி, இடையை ஒசித்து, கூந்தல் திருத்துவதுபோல் கைகாட்டி, எள்ளியதையே தானாகப் புனைந்து ஆடி வெல்கிறான்.

அக்காட்சி வரும்போது கடையில் எழுந்த ஆரவாரம் நமக்கு இன்றும் நினைவிருக்கிறது. திண்டுக்கல் பக்கத்து லாரிக் கிளீனர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், துண்டை முந்தானைபோல் தோளிலிட்டு எழுந்து, பெஞ்சுகளுக்கு இடையே அந்த நடையை நடந்து காட்டினார். சர்தார்ஜி ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கடைக்கார மலையாளி ஒரு கட்டன்சாயாவைக் காசு வாங்காமல் அவரிடம் நீட்டினார். பிறகு யாரோ நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றச் சொல்ல, அந்தச் சண்டையை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தோம்.