உஷார்! கேலாங்கின் வெளிச்சம் ஒரே எரிபொருளை நம்பி இருக்கிறது

2018 செப்டம்பர் 18, அதிகாலை 1.18 மணி. சிங்கப்பூரில் ஏறக்குறைய 147,000 வீடுகளும் கடைகளும் சட்டென்று இருண்டன. புயல் அடிக்கவில்லை. செம்ப்கார்ப், செனோக்கோ என்ற இரண்டு நிறுவனங்களின் மின்னாக்கிகள் அடுத்தடுத்து நின்றுபோயின, அவ்வளவுதான். 38 நிமிடங்களில் மின்சாரம் திரும்பிவிட்டது. ஊரே தூங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதே 38 நிமிடம் மாலை 7 மணிக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. தீவின் வட முனையில் உள்ள செனோக்கோ மின்நிலையம் 1970களில் தொடங்கியபோது எண்ணெயை எரித்துத்தான் நீராவி எழுப்பியது. 1992இல் மலேசியாவிலிருந்து குழாய்வழி எரிவாயு வந்தது. 2001இல் இந்தோனேசியாவின் மேற்கு நத்துனா கடற்பகுதியிலிருந்தும், 2003இல் தென் சுமத்ராவிலிருந்தும் குழாய்கள் வந்தன. 2013இல் ஜூரோங் தீவில் திரவ எரிவாயு முனையம் திறந்தது. எண்ணெய்ப் புகையைவிட எரிவாயு தூய்மையானது. டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியேறும் சூட்டிலேயே நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனையும் ஓட்டுவதால் எரிபொருளும் மிச்சம். மாறியது சரியான முடிவுதான். ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே எரிபொருளின் மேல் ஏற்றிவிட்டோம், அதுவும் முழுக்க வெளியிலிருந்து வருகிறது.

அது தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2004 ஜூன் 29 இரவு பார்த்தோம். நத்துனா எரிவாயு தடைப்பட்டதும் தீவில் ஏறக்குறைய 30 விழுக்காடு இருட்டில் மூழ்கியது. அவசரத்துக்கு டீசலில் ஓடும் வசதி இங்குள்ள எரிவாயு டர்பைன்களுக்கு உண்டு, நிலையங்கள் டீசல் கையிருப்பும் வைத்திருக்கின்றன. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டர்பைனை ஒரு எரிபொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அந்த நேரம் ஆபத்தானது. மாறாமல் ஒன்று நின்றுவிட்டால் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கத் தொடங்கும். முழுத் தீவும் விழாமல் காக்க, சில வட்டாரங்களுக்கான மின்சாரத்தைக் கட்டமைப்பு தானாகவே துண்டித்துவிடும். எதிர் புளோக்கில் விளக்கு எரிய, உங்கள் புளோக் மட்டும் இருண்டு கிடப்பது இதனால்தான்.

கேலாங்வாசிகளே, இது நமக்கு மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். லோரோங்குகளில் உள்ள பழைய கடைவீடுகளில், பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகளில் எத்தனை ஊழியர்கள் படுத்திருக்கிறார்கள்! குறுகிய மரப்படி ஒன்றுதான் வெளியேறும் வழி. அந்தப் படியிலும் காலணி அலமாரியும் சைக்கிளும். மின்சாரம் போனதும் யாரோ ஒருவர் மெழுகுவத்தி ஏற்றுவார், அதை மெத்தைக்குப் பக்கத்தில் வைப்பார். 2014 டிசம்பரில் கேலாங்கில் ஒரு கடைவீட்டில் மூண்ட தீயில் நான்கு பேர் இறந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. தடுப்பு அறைகளில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம், தம்பிகளே. ஆளுக்கொரு சின்ன டார்ச் லைட் தலைமாட்டில் இருக்கட்டும். இன்றே படியைக் காலி செய்யுங்கள். செய்யவிடாத வீட்டுக்காரர் என்றால் குடிமைத் தற்காப்புப் படையிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

அல்ஜூனிட் கிரசென்ட், கேலாங் பாரு பக்கம் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு வேறு கவலை. மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டால் கதவைப் பிளக்க முயல வேண்டாம். மணியை அழுத்திவிட்டு அமைதியாக இருங்கள். இன்சுலின் வைத்திருப்பவர்கள் குளிர்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். ஆக்சிஜன் கருவியோடு வாழும் நோயாளி வீட்டில் இருந்தால், மாற்று ஏற்பாடு என்ன என்று மருத்துவமனையில் இப்போதே கேட்டு வையுங்கள். இருட்டில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டிப் பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

உணவுக்கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜெனரேட்டரைக் கடைக்குள்ளோ பின்கட்டிலோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

விளக்கு அணையாமலும் அடி விழலாம். 2021 இறுதியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியது. நத்துனா, சுமத்ரா குழாய்களிலும் வரத்து குறைந்தது. ஐஸ்விட்ச் உட்படப் பல மின் விற்பனை நிறுவனங்கள் தொழிலை விட்டே விலகின. வாடிக்கையாளர்களின் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை, மின்விநியோகம் செய்யும் எஸ்பி குழுமம் அவர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் மலிவு விலை ஒப்பந்தம் போய்விட்டது. இன்று உங்கள் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, முடிந்தபின் என்ன விலை என்று தெரியுமா? பில்லை எடுத்துப் பாருங்கள். வாடகை அறையில் இருப்பவர்கள், கரண்ட் காசை எந்தக் கணக்கில் பிரிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால் முதலில் இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு, குளிர்சாதனம் எல்லாவற்றின் சுவிட்சையும் அணையுங்கள். மின்சாரம் திரும்பியதும் ஆள் இல்லாத அறையில் அவை தானாக உயிர் பெறுவதுதான் பெரிய ஆபத்து. பிறகு எஸ்பி குழுமத்தின் 1800-778-8888 எண்ணை அழையுங்கள், தீ என்றால் 995. இந்த இரண்டு எண்களையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் உள்ள டார்ச் லைட் எரிகிறதா என்று இன்றிரவே அழுத்திப் பாருங்கள்.