சின்னத்திரைச் சிரிப்பில் நாம் யார்?

தொலைக்காட்சியே வீட்டில் வேண்டாம் என்பார் சிலர். அது இல்லாவிட்டால் உலக அறிவு வளராது என்பார் வேறு சிலர். இவ்வாதம் ஒருபுறம் நடக்க, எமது பிள்ளைகள் பிறநாட்டு நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவற்றிலிருந்து அவர்கள் எதைக் கற்கிறார்கள் என்பதைத் தாய்மார் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

ஒரு சமூகத்தை உள்ளிருந்து அறிய நகைச்சுவை நல்ல வழிதான். செய்தியில் பிரதமரையும் யுத்தத்தையும் காண்கிறோம். நகைச்சுவைத் தொடரிலோ அவர்களது சாப்பாட்டு மேசையையும் அயலவருடன் வரும் பிணக்கையும் காண்கிறோம். அவர்கள் எதற்கு வெட்கப்படுகிறார்கள், யாருக்கு அஞ்சுகிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. கூடவே, அவர்கள் எம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது.

லண்டன் வகுப்பறை

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பிரித்தானியத் தொடரை மூத்த வாசகியர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். முதலில் 1977 முதல் 1979 வரை ஒளிபரப்பான இத்தொடர், எமது நாட்டு வீடுகளிலும் விரும்பிப் பார்க்கப்பட்டது. பல நாட்டவர் ஆங்கிலம் கற்க வரும் மாலை வகுப்புத்தான் கதைக்களம். பாகிஸ்தானைச் சேர்ந்த அலி நதீம், சீக்கியரான ரஞ்சித் சிங், எந்நேரமும் பின்னல் வேலையோடு அமர்ந்திருக்கும் ஜமீலா ஆகியோர் எமது பக்கத்து மாணவர்கள். ரஞ்சித் சிங்காக நடித்த அல்பர்ட் மோசஸ், எமது கம்பளையில் பிறந்தவர்.

நாமும் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? வந்தேறியவர்களின் பிழையான ஆங்கிலத்திலிருந்து. ஒவ்வொரு நாட்டவருக்கும் ஒரே ஒரு குணம். அதையே வாரந்தோறும் காட்டினார்கள். ஜமீலா தன் வீட்டில் எத்தகைய தாய், எவ்வளவு அறிவுள்ளவள் என்பதற்கு அங்கு இடமிருக்கவில்லை. பிற இனத்தவரைக் கேலி செய்கிறது என்ற கண்டனம் அப்போதே பிரித்தானியாவில் எழுந்தது.

பள்ளிவாசலுக்குள்ளிருந்து

இதற்கு மாறானது 'லிட்டில் மொஸ்க் ஒன் த ப்றெய்றி'. கனடாவில் 2007 முதல் 2012 வரை ஒளிபரப்பான இத்தொடரை உருவாக்கியவர் சர்கா நவாஸ் என்ற முஸ்லிம் பெண்மணி. மேர்சி என்ற கற்பனைச் சிற்றூரில், கிறிஸ்தவத் தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தொழுகை நடத்தும் சிறு ஜமாஅத்தின் கதை அது. சட்டத்தரணித் தொழிலை விட்டுவிட்டு வந்த இளம் இமாம், ஹிஜாப் அணிந்த பெண் வைத்தியர், எதற்கும் குறை காணும் பெரியவர் எனப் பலவகை முஸ்லிம்கள் அதில் உண்டு. தொழுகையில் பெண்களுக்கு முன் தடுப்பு வைப்பதா என்ற வாதம்கூட அங்கே கதையாகிறது. அதன் எல்லாக் கருத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் முஸ்லிம்களைக் கண்டதும் சந்தேகப்படும் ஊராரும் அங்கே சிரிப்புக்குள்ளாகிறார்கள். எழுதுபவர் மாறியதும் சிரிப்பின் திசையும் மாறிவிட்டது.

எம் வீட்டில்

எமது நாட்டுச் சிங்களப் படங்களிலும் நாடகங்களிலும் கொச்சைச் சிங்களம் பேசும் வியாபாரி 'நானா' ஒருவர் வந்து போவதுண்டு. அதைக் கண்டு மனம் நோகின்ற நாமே, வீட்டில் இன்னோர் ஊராரின் பேச்சையும் இன்னோர் இனத்தாரின் பேச்சையும் நடித்துக்காட்டிச் சிரிப்பதில்லையா? பிள்ளை அதைத்தானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறது!

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை ஸூறா அல்-ஹுஜுராத் தடுக்கிறது. பெண்களையும் தனியே குறிப்பிட்டே அது எச்சரிக்கிறது. அதே ஸூறா, மனிதர்கள் பல இனங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும் போதிக்கிறது. எனவே பிறரை அறிவது ஆகும். பிறரை இழிவுபடுத்துவதே ஆகாது. நபி (ஸல்) அவர்கள் நகைச்சுவையாகப் பேசியபோதும் உண்மையையே பேசினார்கள் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, சகோதரிகளே, பிள்ளைகள் தொடர் பார்க்கும்போது சமையலறையிலேயே நின்றுவிடாதீர்கள். சிறிது நேரம் பக்கத்தில் அமருங்கள். வாப்பாவையும் அமரச் சொல்லுங்கள். தொடர் முடிந்ததும், "இதில் யாரைப் பார்த்துச் சிரித்தாய், மகள்? அவர் இப்போது எங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பாரா?" என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளை யோசிக்கட்டும்.