பாதி சிங்கப்பூர், பாதி லண்டன்: பெரியப்பாவின் கான்கார்டுக்குப் பளபளப்பு ஏறுகிறது

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவர்களுக்கு வானிலை அறிக்கை கிட்டத்தட்ட மனப்பாடம். மழை வருமா, புகைமூட்டம் இருக்கிறதா என்றால் நேயர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஈரப்பதம் எத்தனை விழுக்காடு என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. ஆனால் கடந்த சில மாதங்களாக அந்த எண்ணைப் பார்த்துத்தான் என் பிற்பகல்களைத் திட்டமிடுகிறேன். காரணம், தேக்கா சந்தையை ஒட்டி, பஃப்ளோ ரோட்டு வீவக அடுக்குமாடியில், என் பெரியப்பா வீட்டு மேசைமேல் நிற்கும் ஒரு பிளாஸ்டிக் விமானம்.

கான்கார்டு. 1:144 அளவு. உண்மையான விமானம் ஏறத்தாழ 62 மீட்டர் நீளம். இது மூக்கிலிருந்து வால்வரை 43 சென்டிமீட்டர். வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்றும் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றும் எழுதியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: “ஒட்டும்போது குழம்பிட்டீங்களா?”

குழம்பவில்லை. அப்படி ஒரு விமானம் உண்மையிலேயே பறந்தது. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேசும் எஸ்ஐஏவும் சேர்ந்து லண்டன், பஹ்ரேன், சிங்கப்பூர் தடத்தில் கான்கார்டு சேவையைத் தொடங்கின. ஜி-பிஓஏடி என்ற பதிவெண் கொண்ட விமானத்தின் இடப்பக்கத்தில் மட்டும் எஸ்ஐஏவின் பெயரும் மஞ்சள், கருநீலக் கோடுகளும் தீட்டப்பட்டன. மூன்று முறை போய் வருவதற்குள் சிக்கல். மலாக்கா நீரிணைக்கு மேல் ஒலியைவிட வேகமாகப் பறக்க மலேசியா ஒத்துக்கொள்ளவில்லை. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கிய சேவை, 1980 நவம்பர் முதல் தேதியோடு நின்றேபோனது. சாங்கி திறந்தது 1981ல். ஆகவே அந்தச் சேவையில் கான்கார்டு வந்து இறங்கியதெல்லாம் பாய லேபாரில்தான். அதே விமானம் இப்போது நியூயார்க்கில் இன்ட்ரெப்பிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எஸ்ஐஏ பக்கம் என்று ஒன்று அதில் இல்லை.

பெரியப்பா அப்போது பாய லேபாரில் பயணப்பைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். “ஆளுங்க ஏறுறது இடப்பக்கம்தானே. அதனால படிக்கட்டுல நின்னவங்க பார்த்தது நம்ம பேரைத்தான்” என்பார். 45 ஆண்டுகள் ஆகியும் அதில் அவருக்கு ஒரு பெருமை. தொண்ணூறுகளில் எங்கிருந்தோ இந்தக் கிட்டையும், எஸ்ஐஏ பக்கத்துக்கான டெக்கால் தாளையும் தேடி வாங்கி அலமாரியில் வைத்தார். ஓய்வுபெற்ற பிறகு செய்யலாம் என்று எண்ணம். ஓய்வு வந்தது, கூடவே கை நடுக்கமும் வந்தது. பாலிடெக்னிக் காலத்திலிருந்து கார், கண்டம் ரோபோ என்று செய்துகொண்டிருக்கும் என்னிடம் பெட்டியைக் கொடுத்து, “நீ செய்மா, நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன்” என்றார்.

விமானம் கெட்டால் இன்னொரு கிட் வாங்கலாம். அந்தத் தாள் கெட்டால் இன்னொன்று கிடையாது. நாங்கள் தேடிய இடங்களில் எங்கும் இல்லை. அந்த ஒரே தாளைக் காப்பாற்றுவதும் அழிப்பதும் ஒரே பொருளின் கையில் இருக்கிறது: கிளியர் கோட் எனப்படும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு.

நடுவில் வரும் பூச்சு

நகத்துக்கு மேல்பூச்சு அடிப்பதுபோல் எல்லாம் முடிந்தபின் அழகுக்காகப் பூசுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாடல் செய்பவர்களுக்கு இது நடுவிலேயே ஒருமுறை வேண்டும். பளபளப்பில்லாத வண்ணப்பரப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன்மேல் மெல்லிய டெக்காலை ஒட்டினால் பள்ளங்களில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளிப்படலம்போல் மினுக்கும். எவ்வளவு அழுத்தினாலும் போகாது. முதலில் பளபளப்புப் பூச்சு கொடுத்துப் பரப்பை வழுவழுப்பாக்கிவிட்டால் காற்று சிக்க இடமில்லை. டெக்கால் காய்ந்தபிறகு மேலே இன்னொரு முறை பூசினால் அதன் விளிம்பும் மறையும், கை பட்டாலும் உரியாது.

முப்பது ஆண்டு பழைய தாளுக்கு அதற்கும் முன்பே ஒரு பூச்சு தேவைப்பட்டது. வயதான டெக்காலைத் தண்ணீரில் போட்டால் அப்பளம்போல் நொறுங்கும். தாளின் ஓரத்தில் தேவையில்லாத ஓர் எண்ணை வெட்டிப் போட்டுப் பார்த்தோம், எட்டுத் துண்டு. அதனால் தாள்மீதே லேசாகக் கிளியர் தூவினோம். அது ஒரு தோலாக மாறி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிறகு ஒவ்வொரு எழுத்தையும் கோட்டையும் விளிம்பை ஒட்டிக் கத்தியால் வெட்டியெடுக்க வேண்டும், ஏனென்றால் தாள் முழுவதும் இப்போது ஒரே படலம். மஞ்சளடித்த தாளை வெளுக்கவைக்க மாடல் செய்பவர்கள் ஒரு வழி சொல்வார்கள்: ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைப்பது. இரண்டு வாரம் வைத்தோம். சிங்கப்பூர் வெயிலால் இந்த வேலையில் கிடைத்த ஒரே உதவி அதுதான்.

ஐஸ் மைலோவும் லேக்கரும்

மற்றபடி நம் ஊர்க் காற்று கிளியர் கோட்டுக்கு எதிரி. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் சுமார் 80 விழுக்காடு. விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகல் சுமார் 60 வரை இறங்கும். லேக்கர் வகைப் பூச்சில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். கோப்பிக்கடையில் ஐஸ் மைலோ குவளையின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதேபோல் காற்றின் ஈரம் அந்தப் பரப்பில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். கண்ணாடிபோல் இருக்கவேண்டியது பால் ஊற்றியதுபோல் வெளிறிப்போகும். கறுப்புக் காரில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் கான்கார்டில் மஞ்சள், நீலக் கோடுகள் மங்கினால்தான் தெரியும், அதுதான் ஆபத்து.

இதற்கு மருந்து உண்டு. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னர் பயன்படுத்தலாம். வெளிறிய இடத்தில் அதே தின்னரை மிக லேசாகத் தூவினால் பூச்சு இளகி, ஈரம் வெளியேறி, மறுபடி தெளியும். ஆனால் தின்னர் டெக்காலையும் இளக்கும். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சைக்கு நான் தயாரில்லை. ஆகவே வெளிறவே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. காலை நிகழ்ச்சி முடித்து நான் வந்துசேரும் நேரமும் ஈரம் குறையும் நேரமும் ஒன்றாக அமைந்தது வசதி. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை அறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, இரண்டு மணிக்குத் தொடங்குவேன். இடி இடித்தால் அன்றைக்கு வேலை இல்லை.

பென்கூலன் ஸ்திரீட் பக்கம் நான் போகும் சிறிய கடையில் கிளியர் மட்டுமே ஓர் அடுக்கு இருக்கும். அங்குள்ள சீன அங்கிள், முதன்முறை பார்ப்பவர் என்றால் என்னிடம் “மகனுக்கா?” என்றுதான் கேட்பார், இப்போது கேட்பதில்லை. எதை எடுப்பது? தமியாவின் எக்ஸ்-22 அக்ரிலிக் வகை. மணம் குறைவு, டெக்காலுக்குச் சாது. அதே நிறுவனத்தின் டிஎஸ்-13 லேக்கர் ஸ்பிரே. பளபளப்பில் மன்னன், ஆனால் டெக்கால்மேல் முதல் முறையே நனைய அடித்தால் சுருக்கிவிடும். எனாமல் கிளியர் காலப்போக்கில் மஞ்சளிக்கும், வெள்ளை விமானத்துக்கு ஆகாது. காருக்கு அடிக்கும் இருகலவை யூரித்தேன் கல்போல் கெட்டியாகும், ஆனால் அதன் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு. குடும்பம் இருக்கும் வீவக வீட்டில் அதைத் தொடவே கூடாது என்பது என் முடிவு. வெளிநாடுகளில் பலர் பல்லாண்டு காலம் ஃபியூச்சர் என்ற அக்ரிலிக் தரைமெழுகை விமானங்களுக்குப் பூசினார்கள் என்று சொன்னால் பெரியம்மா நம்பமாட்டேன் என்கிறார்.

நாங்கள் தேர்ந்தது இரண்டும் சேர்த்து. வெள்ளை வண்ணம் லேக்கர். அதன்மேல், டெக்காலுக்கு முன், லேக்கர் கிளியர். டெக்காலுக்குப் பின் எக்ஸ்-22, ஏர்பிரஷ்ஷில், நான்கு மெல்லிய சுற்று. லேக்கருக்கு மேல் அக்ரிலிக் பூசுவதில் தொல்லை இல்லை. எனாமலுக்கு மேல் லேக்கர் அடித்தால்தான் கீழே உள்ளது சுருங்கி எழும்பும்.

எல்லாவற்றையும் முதலில் கரண்டியில் சோதிக்கவேண்டும். சாப்பாட்டுக் கடையில் கொடுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியின் முதுகு, விமான உடலைப்போலவே வளைந்தது. பெரியப்பா வீட்டில் இப்போது பதினேழு கரண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், ஈரப்பதம் அவர் கையெழுத்தில். தூரத்திலிருந்து அடித்த கரண்டியில் துளிகள் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பு. கிட்டத்தில் அடித்ததில் வழிந்து ஒரு சொட்டு. இடைப்பட்ட தூரம் ஒவ்வொரு கைக்கும் வேறு, அதைக் கரண்டிதான் சொல்லும்.

தடிமனும் கணக்கில் வரும். மனித முடி சுமார் 0.07 மில்லிமீட்டர். அந்தத் தடிமனுக்குக் கிளியர் ஏறிவிட்டால் 144ஆல் பெருக்கிப் பாருங்கள்: உண்மையான விமானத்தின்மேல் ஒரு சென்டிமீட்டர் கண்ணாடி பூசியதுபோல் ஆகும். கதவுக் கோடுகள் தூர்ந்துபோய் மிட்டாய்போல் இருக்கும்.

ஆறரை மணி விளக்கு

வீட்டுச் சட்டங்களும் உண்டு. வண்ணம் அடிக்கும் பெட்டியின் விசிறி, குழாய்வழியாகப் புகையை ஜன்னலுக்கு வெளியே தள்ளும். வடிகட்டி தூளைப் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. ஆகவே கீழ்மாடிகளில் மூங்கில் கழிகளில் துணி காய்கிறதா என்று எட்டிப் பார்ப்பது முதல் வேலை. காய்ந்தால் காத்திருப்பேன். நெகிழி அறுவைசிகிச்சை முகக்கவசம் இதற்குப் போதாது; கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், அக்ரிலிக்குக்கும் சேர்த்து. சிறுபிள்ளைகள் அறைக்குள் வரக்கூடாது.

தின்னர் ஆவி தீப்பிடிக்கும். பெரியம்மா ஆறரைக்குச் சாமி விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றுவார், அதை மாற்றச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. எனவே நான்கு மணிக்கு ஏர்பிரஷ் ஓய்வு, எல்லா ஜன்னலும் திறப்பு, அடுப்புக்கும் அதுவரை விடுமுறை. பிற்பகல் தேநீர் கீழே தேக்காவிலிருந்து பொட்டலமாக வரும்.

எவ்வளவு பளபளப்பு வேண்டும் என்பதில் மாடல் செய்பவர்களிடையே ஓயாத வாக்குவாதம். விமானத்தைச் சிறிதாக்கும்போது மினுமினுப்பையும் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் பொம்மைபோல் தெரியும் என்பது ஒரு கட்சி. போர் விமானங்களுக்கு அது சரி. கான்கார்டுக்கு நான் எதிர்க்கட்சி. அதன் வெள்ளை அழகுக்காக அடித்ததல்ல. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் மூக்கு 120 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாகும், அந்த வெப்பத்தைச் சமாளிக்கத்தான் நன்கு பிரதிபலிக்கும் வெள்ளை. 1996ல் ஏர் பிரான்ஸ் கான்கார்டு ஒன்றுக்குப் பெப்சி விளம்பரத்துக்காக நீலம் அடித்தபோது, அந்த உச்ச வேகத்தில் 20 நிமிடத்துக்குமேல் பறக்கவேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட வெள்ளைக்கு மங்கல் பூச்சு பொருந்தாது. தார்ச்சாலையில் நின்று நேரில் பார்த்தவரிடமே கேட்டேன். “வெயில்ல கண்ணு கூசும்” என்றார். வாக்குவாதம் முடிந்தது.

டெக்கால் ஒட்டியது சென்ற மாதம். நீளமான கோடுகளை ஒரே துண்டாக வைக்கத் துணியாமல், கதவுகள் இருக்கும் இடத்தில் மூன்றாகப் பிரித்து வைத்தேன். அடியில் தண்ணீர் தாராளமாக இருந்ததால் ஈர்க்குச்சியால் நகர்த்த முடிந்தது. மென்மையாக்கும் திரவம் தொட்டதும் சுருங்கி, பயமுறுத்தி, காலையில் தட்டையாகப் படுத்திருந்தது. நான்கு சுற்றுக் கிளியரும் ஏறிவிட்டது. வெளிறவில்லை.

இப்போது மிச்சமிருப்பது மெருகேற்றல். பல வாரம் காயவிட்டபின், தண்ணீர் தொட்ட மிக நுண்ணிய உப்புத்தாளால் தூசிப் புள்ளிகளை எடுத்துவிட்டு, மெருகுப் பசையை மென்துணியில் தொட்டுச் சிறுசிறு வட்டமாகத் தேய்க்கவேண்டும். இதற்குத் தூரிகை பிடிக்கும் உறுதி தேவையில்லை. நடுங்கும் கைக்கும் இது வரும். விளிம்புகளில் மட்டும் தேய்த்தால் பூச்சு கரைந்து டெக்கால்வரை போய்விடும் என்பதால், அங்கெல்லாம் நான் மறைப்பு நாடா ஒட்டிவைத்திருக்கிறேன்.

பெரியப்பா தினமும் மாலை விளக்கேற்றியபின் அரை மணி நேரம் உட்காருகிறார். பசையில் வாடை இல்லை, பெரியம்மாவுக்கும் ஆட்சேபமில்லை. முதலில் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

“வெள்ளைக்காரன் பக்கத்துல பழகிக்கிறேன்.”