ராவுத்தர்: பட்டமும் வம்சாவளியும்

தமிழ் முஸ்லிம்களிடம் குடும்பப் பெயர் சூடும் வழக்கம் அரிது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இட்டுக்கொள்வதே பொது மரபு. இதற்கு விலக்காக, விருதுநகர் வட்டாரக் குடும்பங்கள் சில 'ராவுத்தர்' என்னும் சொல்லைப் பெயரோடு தாங்கி வருகின்றன. அச்சொல்லைத் துணையாகக் கொண்டு முன்னோரைத் தேடப் புகுவோர் முதலில் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. இது ஒரு பட்டமேயன்றி, ஒரு மூதாதையின் பெயரன்று.

வடமொழியின் 'ராஜபுத்ர' என்பது பிராகிருதத்தில் 'ராவுத்த' எனத் திரிந்து, பின்னர்க் குதிரை வீரனைக் குறிக்கலாயிற்று. மராத்தியில் 'ராவுத்', வடபுலத்தில் 'ராவத்', கன்னடத்தில் 'ராவுத' என வழங்குவன யாவும் இதன் கிளைகளே. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே 'ராவுத்தன்' என விளித்துள்ளார். ஆகவே, பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு குருதி உறவை முடிவுசெய்தல் தகாது.

முஸ்லிம்களிடையே இப்பட்டம் வேரூன்றியதற்குக் குதிரை வாணிகத்தைப் பின்புலமாகக் கொள்வர். பாண்டியர் காலத்தில் காயல் துறையில் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஏற்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். எனினும், அவ்வணிகரின் வழித்தோன்றலே தாம் என ஒரு குடும்பம் கூறுவதற்குப் பட்டம் மட்டும் சான்றாகாது.

சான்று ஆவணங்களிலிருந்து கிடைக்க வேண்டும். பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தரில் மணமக்களின் தந்தையர் பெயர்கள் இருக்கும். மையவாடியின் மீஸான் கற்களும், சொத்துப் பத்திரங்களும் அடுத்த படிகள். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இருப்பதால், ஒரே பெயருடைய இருவரை ஒருவராக எண்ணிவிடாதிருக்க ஆண்டையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

ஆட்சி எல்லைகள் மாறியதையும் மறக்கலாகாது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும் வரை திருநெல்வேலியைச் சேர்ந்தவை. இன்றைய மாவட்டம் 1985இல் பிரிந்தது. ஊர்ப் பெயரும் 1923 வரை விருதுபட்டி. எனவே, முற்காலப் பதிவுகளைத் திருநெல்வேலியின் கீழும் தேட வேண்டும். மேலும், அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் ராவுத்தரையும் மரைக்காயரையும் 'லெப்பை' என்னும் பிரிவுக்குள் அடக்கியுள்ளது. பத்திரத்தில் ராவுத்தர் எனக் கண்டவரே சாதிச் சான்றிதழில் லெப்பையாகத் தோன்றுவது இதனாலேயாம்.

இம்முயற்சி வெறும் ஆவலால் எழுவதன்று. இஸ்லாமியச் சட்டத்தில் வாரிசுப் பங்குகள் மெய்ப்பிக்கப்பட்ட உறவையே பொறுத்தன. பரம்பரை முத்தவல்லி உரிமை கோருவோரும் உறவை நிறுவியாக வேண்டும். பட்டத்தை உறவாகக் கொண்டு ஒரு பெயரைத் தவறாகச் சேர்த்தால், உரியவர் பங்கிழப்பார். குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது திருமறையின் (49:13) கருத்து. அறிதல் என்பது ஐயமறத் தெளிதலேயாம்.