மண் விடாத மூலக்கூறுகள்

மாணவர்களே, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் மரத்தடி மண் கருமையாக இருப்பது ஏன்? இலைகள் மட்கி உண்டான ஹியூமிக் பொருள்களே காரணம். நீரில் இவை எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. நேர்மின்னூட்டமுள்ள புரதங்களை எளிதில் தம் பரப்பில் ஒட்டவைத்துக் கொள்கின்றன. இதுவே பரப்புக் கவர்ச்சி.

டி.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டமுடையதாயிற்றே, விலகிப் போகாதா? நீரிலுள்ள கால்சியம் அயனி இரண்டு நேர்மின்னூட்டங்களுடன் இடையில் நின்று பாலமாகிறது. ஒட்டிய டி.என்.ஏ.வை நொதிகள் எளிதில் சிதைக்க முடிவதில்லை.

சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் சரணாலயமான காடு இது. அணில் உதிர்த்த டி.என்.ஏ.வை மண்ணிலிருந்து எடுத்து, பி.சி.ஆர். முறையில் படியெடுத்துப் பெருக்கினால் அதன் இருப்பை அறியலாம். ஆனால் உடன் வரும் ஹியூமிக் பொருள்கள் அந்தப் படியெடுப்பைத் தடுத்துவிடும். அவற்றை முதலில் நீக்காவிட்டால், அணில் இருந்தும் 'இல்லை' என்றே விடை வரலாம்!