ஆறு சேனல் இசை வட்டை வீட்டில் நகலெடுப்பது ஏன்? எப்படி?

மாமல்லபுரம், கோவளம் கடற்கரை வீடுகளில் உப்புக் காற்று ஜன்னல் கம்பியை மட்டும் அரிப்பதில்லை. இசை வட்டின் ஓரம் விட்டுப்போனால், உள்ளிருக்கும் அலுமினியப் படலமும் கெடும். லேசர் படிக்கத் தடுமாறும். வட்டு நன்றாக இருக்கும்போதே நகலெடுத்துவிட வேண்டும்.

டிவிடி-ஆடியோவில் ஆறு சேனல். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் வரை. அப்படியே பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 6.2 ஜிபி ஆகும். ஒற்றை அடுக்கு வட்டில் கொள்வதோ 4.7 ஜிபி. அதனால்தான் எம்.எல்.பி. முறையில் ஒரு பிட்டும் இழக்காமல் சுருக்குகிறார்கள். அதை ஃபிளாக் கோப்பாக மாற்றினாலும் இழப்பில்லை. எம்பி3 ஆக்கினால் போனது போனதுதான்.

1999இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த சூப்பர் ஆடியோ சிடி வேறு ரகம். அதன் உயர்தர அடுக்கைச் சாதாரணக் கணினி டிரைவ் படிக்காது; அதற்கேற்ற சில பிளேயர்கள்தான் படிக்கும். அதில் ஒலி, நொடிக்கு 28,22,400 ஒற்றை பிட்களாகப் பதிவாகியிருக்கும். இதை ஃபிளாக் கோப்பாக மாற்றும் மென்பொருள் காதுக்கு எட்டாத இரைச்சலை முதலில் வடிகட்டும். பிறகு 32இல் ஒரு பங்காக, 88,200 மாதிரிகளாகக் குறைக்கும். வடிகட்டாமல் குறைத்தால் அந்த இரைச்சல் இசைக்குள் இறங்கிவிடும்.

நகல் இரண்டாக இருக்கட்டும். ஒன்றைக் கடலிலிருந்து தள்ளி, செங்கல்பட்டு உறவினர் வீட்டில் வைக்கலாம்.