புயல் போயிடுச்சு... கடல் தெளிஞ்சிடுச்சா? அந்தமான் ஸ்கூபா பிளான் வெச்சிருக்கீங்களா, இதைப் படிங்க!

டிசம்பர் லீவுக்கு அந்தமான் டிக்கெட் போட்டாச்சு. ஹேவ்லாக்ல ஸ்கூபா டைவிங்கும் புக் பண்ணியாச்சு. கிளம்புற நேரத்துல வங்கக்கடல்ல காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்னு நியூஸ். ரெண்டு நாள்ல அது நம்ம கரைப் பக்கம் நகர்ந்துடுது. அங்கே பளிச்னு வெயில். அப்போ டைவ் அடிக்கலாம்தானே? கொஞ்சம் பொறுங்க. வானம் தெளியுற வேகத்துல கடல் தெளியாது.

வங்கக்கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். அந்தமானில் டைவிங் சீஸன் களைகட்டத் தொடங்குறதும் அதே நேரத்துலதான். 2016 டிசம்பரில் சென்னையில மரங்களைச் சாய்ச்ச வர்தா ஞாபகம் இருக்கா? அது புயலா வலுப்பெறுறதுக்கு முன்னாடியே அந்தமானை ஒருகை பார்த்துட்டுத்தான் வந்தது. படகுப் போக்குவரத்து நின்றுபோக, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய் மீட்க வேண்டியதாயிற்று.

சரி, தண்ணிக்குக் கீழே என்ன நடக்கும்? 'மேலேதானே அலை, உள்ளே அமைதியா இருக்கும்'னு பலரும் நினைக்கிறாங்க. பாதிதான் உண்மை. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதில் பாதி ஆழம் வரை அதன் ஆட்டம் இருக்கும். 4 விநாடிக்கு ஒருமுறை வரும் சாதாரண அலைக்கு இது சுமார் 12 மீட்டர். புயல் கிளப்பிவிடும் அலை 10 விநாடிக்கு ஒருமுறை வந்தால், 75 மீட்டரைத் தாண்டும். முதன்முறை டைவ் செய்றவங்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப் போகவே மாட்டாங்க. அதாவது, நீங்க இறங்குற ஆழம் முழுக்க அலையோட கைக்குள்ளதான் இருக்கு. இந்த அலைகள் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யும் என்பதால், உங்க தலைக்கு மேல மேகமே இல்லாத நாளிலும் வந்து சேரலாம்.

அந்த ஆட்டம் அடிமணலைக் கிளப்பிவிடும். பருமணல் சில நிமிடங்களில் படிஞ்சிடும். மாவு மாதிரி இருக்கும் நுண்சேறு படிய நாள் கணக்காகும். மழைத்தண்ணி நிலத்திலிருந்து அடிச்சுட்டு வர்ற மண்ணும் இதோட சேர்ந்துக்கும். அதிலுள்ள சத்துகளால் மிதவை உயிரிகள் பெருகினால், கடல் பச்சையாகவும் மாறும். மீன்களுக்கு விருந்து, உங்க கோப்ரோவுக்குப் பட்டினி!

நல்ல நாளில் 20 மீட்டர் தூரம் தெரியுற இடத்துல, ரெண்டு மூணு மீட்டர்தான் தெரியும். போட்டோ போனா போகட்டும். கூட வர்றவர் கண்ணைவிட்டு மறைஞ்சிடுவார் என்பதுதான் சிக்கல். அப்படிப் பிரிஞ்சா ஒரு நிமிஷம் மட்டும் சுத்திப் பார்த்துட்டு, பதறாம மெதுவா மேலே வந்துடணும்னுதான் டைவிங் பயிற்சியில சொல்லிக்கொடுக்குறாங்க. முதல் டைவ்ல இந்தப் பரீட்சையெல்லாம் வேண்டாமே.

போறதுக்கு முன்னாடி, கடல் அலைகளுக்கான முன்னறிவிப்பை ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' மையத்தின் தளத்தில் பாருங்க. டைவ் ஷாப்ல 'கடல் எப்படி இருக்கு'ன்னு கேட்டா, 'சூப்பர் சார்'னுதான் பதில் வரும். 'இன்னைக்குக் காலையில எத்தனை மீட்டர் தெரிஞ்சது?'ன்னு கேளுங்க. வானிலையால ரத்தானா பணம் திரும்ப வருமா, தேதி மட்டும் மாறுமான்னு புக் பண்ணும்போதே எழுத்துல வாங்கிடுங்க.

புயலால தள்ளிப்போன டைவை, ஊர் திரும்புற அன்னைக்குக் காலையில அடிச்சுட்டு ஃப்ளைட் ஏறிடலாம்னு சிலர் கணக்குப் போடுவாங்க. இது ஆபத்து. டைவ் செய்யும்போது உடம்பில் கரைஞ்ச நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழிகளாக மாறலாம். மூட்டுவலியில தொடங்கி பக்கவாதம் வரை போகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்கிறது 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்'. ரெண்டு டைவ் அடிச்சிருக்கீங்க, காலை 7 மணிக்கு ஃப்ளைட்டுன்னா, முந்தின நாள் மதியம் 1 மணிக்குள்ள கரையேறியிருக்கணும்.